ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்

கார் பேட்டரியை டிக்கிக்கு மாற்றும்போது, ஸ்டார்ட்டர் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) பக்கம் ஒரு ஃபியூஸ் போட்டால் போதும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், வண்டி தீப்பிடிக்கலாம்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஸ்டார்ட்டரை அல்ல, வயரை. டிக்கியிலிருந்து இன்ஜின் வரை நாலைந்து மீட்டர் கேபிள் தகட்டை ஒட்டியே வருகிறது. நடுவில் எங்காவது உறை தேய்ந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்த பாடியைத் தொட்டால், கரன்ட் பேட்டரியிலிருந்து அந்த இடம் வரைதான் பாயும். ஸ்டார்ட்டர் பக்கம் இருக்கிற ஃபியூஸ் வழியாக அது போகவே போகாது. கேபிள் பழுக்கச் சூடாகி, சீட்டும் கார்ப்பெட்டும் பற்றிக்கொள்ளும். அதனால் பாசிட்டிவ் முனையிலிருந்து ஓர் அடிக்குள் ஃபியூஸ் வேண்டும். அதன் அளவு ஸ்டார்ட்டர் இழுப்பதைவிட அதிகமாகவும், கேபிள் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். டிக்கியில் பேட்டரி வைத்த பல பிஎம்டபிள்யூ கார்களில், மோதல் நடந்தால் பேட்டரி முனையிலேயே ஸ்டார்ட்டர் கேபிளைத் துண்டிக்கும் சிறு வெடிப்பு அமைப்பு இருக்கிறது. துண்டிப்பது எந்த முனையில் என்று பாருங்கள்.

கேபிள் தடிமனிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். 5 மீட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால், 200 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 50 போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

அப்புறம், சாதாரண ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். டிக்கியில் வைத்தால் மூடிய பெட்டியும், வண்டிக்கு வெளியே போகும் குழாயும் கட்டாயம். டிக்கியில் பேட்டரி வைத்த பழைய மாஸ்டா மியாட்டா கார்களில் கம்பெனியே அந்தக் குழாயைக் கொடுத்திருந்தது.