பிடுங்க மனம் வராத பலகை
நாம் ஆதரித்த வேட்பாளர் தேர்தலில் தோற்றதும் கொஞ்ச நாள் செய்தியே பார்க்காதீர்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது ஒத்துவரவில்லை. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டனுக்காக வீடு வீடாகக் கதவு தட்டி வாக்குக் கேட்டவள் நான். நாடு முழுக்க அவருக்கு ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் அதிகம். அதிபர் யார் என்று முடிவு செய்யும், மாநிலங்களின் பிரதிநிதிகள் அடங்கிய தேர்வாளர் குழுவிலோ டிரம்புக்கு 304 வாக்குகள், ஹிலாரிக்கு 227. அந்தக் கணக்குதான் நெஞ்சை அறுத்தது. வாசலில் நட்டிருந்த அவருடைய பிரசாரப் பலகையைப் பிடுங்க இரண்டு வாரம் கை வரவில்லை. டிவியை அணைத்தால் அழுகைதான் கூடியது. அப்புறம் என்னோடு கதவு தட்டிய தோழி வந்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். 2018இல், அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலுக்கு இருவரும் மறுபடி அதே தெருக்களில் நடந்தோம். பிரதிநிதிகள் சபையை எங்கள் கட்சி பிடித்த இரவில் அந்தப் பழைய பலகையை எடுத்துத் தூசி தட்டினேன்.