யார்க் நகரத்துப் பலகைகளில் இருக்கும் சொற்களும் இல்லாத ஒரு வரியும்

இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் கிளிஃபோர்ட் கோபுரம் செங்குத்தான மண்மேடு ஒன்றின் மேல் நிற்கிறது. மேட்டின் அடிவாரத்தில், படிகள் தொடங்கும் இடத்துக்கு அருகில், ஒரு கல்பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் போனது மார்ச் மாதம். மேடு முழுவதும் மஞ்சள் டாஃபடில் பூக்கள் பூத்துக் கிடந்தன. எல்லோரும் பூக்களைப் படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பலகையைக் குனிந்து படித்தேன்; படித்த பிறகு உடனே மேலே ஏற மனம் வரவில்லை. பலகையின் விளிம்பில் யாரோ கூழாங்கற்கள் சிலவற்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இறந்தவர்களின் நினைவிடத்தில் பூவுக்குப் பதிலாகக் கல் வைப்பது யூதர்களின் வழக்கம். அந்த டாஃபடில் செடிகள், பூவின் ஆறு இதழ்களும் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தின் ஆறு முனைகளை நினைவூட்டுவதற்காகவே அங்கே நடப்பட்டவை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1190ஆம் ஆண்டு மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு, உயிருக்கு அஞ்சி அரசனின் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 150 யூத ஆண்களும் பெண்களும், ரிச்சர்ட் மலேபிஸ் முதலானோர் தூண்டிவிட்ட கும்பலின் கையில் சிக்கி மதத்தைத் துறப்பதைவிட ஒருவர் கையால் ஒருவர் சாவதே மேல் என்று முடிவு செய்தார்கள் என்பதே அந்தப் பலகையின் செய்தி. அதன் கீழே எபிரேய எழுத்தில் ஏசாயாவின் வசனம் ஒன்று இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் கற்கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அன்று அங்கே இருந்தது மரக்கோட்டை, அது அந்த இரவில் எரிந்துபோனது. பலகை வைக்கப்பட்டது 1978இல். நடுவில் 788 ஆண்டுகள்.

இந்தப் பலகையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதற்கு முதற்காரணம், அது கும்பலைத் தூண்டியவனின் பெயரைச் சொல்கிறது. உலகமெங்கும் இப்படிப்பட்ட இடங்களில் 'துயர நிகழ்வு', 'உயிரிழந்தோர் நினைவாக' என்ற சொற்களோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏதோ வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது போல, கொன்றவர் எவருமே இல்லாத ஒரு சாவாக அது ஆகிவிடும். யார்க் அப்படிச் செய்யவில்லை. ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் வந்து பணம் செலவழிக்கும் ஒரு நகரம், தன் முக்கியமான சின்னத்தின் வாசலிலேயே தன் மிகப் பெரிய இழிவைப் பொறித்து வைத்திருப்பது எளிய காரியம் அன்று.

ஆனாலும் அந்தப் பலகையில் ஒரு வரி குறைகிறது என்பதே என் கருத்து. இந்தப் பதிவை எழுதுவதும் அதற்காகத்தான். படிப்பவருக்கு அது முழுக்க முழுக்க மதவெறியின் கதையாக மட்டுமே தெரியும். மதவெறி இருந்தது உண்மை. முந்தைய செப்டம்பரில் முதலாம் ரிச்சர்ட் முடிசூடிய நாளிலேயே இலண்டனில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். சிலுவைப்போருக்கான ஆயத்தமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆனால் யார்க்கில் கும்பலுக்குத் தலைமை தாங்கியவர்கள் பலர் யூதர்களிடம் கடன் பட்டவர்கள். மலேபிஸும் அவர்களில் ஒருவர். நியூபர்க் வில்லியம் என்ற அக்காலத்து வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கும் தொடர்ச்சி பலகையில் இல்லை. அந்த இரவில் சாகாமல் எஞ்சியவர்களிடம், ஞானஸ்நானம் பெற்றால் உயிர்ப்பிச்சை தருவதாக மறுநாள் காலையில் வாக்களித்தார்கள். அதை நம்பி வெளியே வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு அந்தக் கும்பல் நேராக யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்குப் போனது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அங்கே வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்துவரச் செய்து, பேராலயத்துக்குள்ளேயே தீ வைத்துக் கொளுத்தியது.

பத்திரம் எரிந்தால் கடன் தீர்ந்தது. இதைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்? அரசுக்கும் இது நன்றாகவே புரிந்திருக்கிறது. யூதர்களின் சொத்தும் அவர்களுக்கு வர வேண்டிய கடனும் இறுதியில் மன்னனின் கைக்கு வரக்கூடியவை என்பதால், 1194இல் ஒவ்வொரு கடன் பத்திரத்துக்கும் படி எடுத்து முத்திரையிட்ட பெட்டிகளில் பாதுகாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நகரத்தாருக்கு அபராதம் விதிக்கப்பட்டது, தலைவர்களோ தப்பிவிட்டார்கள். உயிர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு நான்கே ஆண்டுகளில் பத்திரங்களுக்குக் கிடைத்தது. முதலாம் எட்வர்ட் 1290இல் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றிய வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், 1190இன் அந்த இரவைத் தனியாக நடந்த ஒரு வெறியாட்டமாக நினைக்க முடியாது.

பொறித்த பிறகு பலகையை மாற்றலாமா, சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதே நகரத்தில் மாற்றியிருக்கிறார்கள். குட்ராம்கேட் தெருவில் சின்ன வாயில் ஒன்றின் வழியே உள்ளே போனால் ஹோலி டிரினிட்டி என்ற பழைய தேவாலயம் மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. 1834ஆம் ஆண்டு ஈஸ்டர் அன்று ஆன் லிஸ்டர், ஆன் வாக்கர் என்ற இரு பெண்கள் அங்கே நற்கருணை பெற்று, அதையே தங்கள் திருமணமாகக் கருதினார்கள். 2018இல் அங்கே வானவில் நிறத்தில் விளிம்பிட்ட வட்டப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. அதில் லிஸ்டரை, பாலின வழக்கத்துக்கு உட்படாத தொழில்முனைவர் என்று குறித்திருந்தார்கள். பல இலட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதி, அதில் ஒரு பகுதியை இரகசியக் குறியீட்டில் எழுதி, பெண்களை மட்டுமே தான் நேசிப்பதாக ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தவர் அவர். அவரைப் பற்றிய பலகையில் 'லெஸ்பியன்' என்ற சொல் இல்லை. பலர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நகரத்தில் இத்தகைய பலகைகளை வைக்கும் அமைப்பான யார்க் சிவிக் டிரஸ்ட் மன்னிப்புக் கேட்டு, 2019 பிப்ரவரியில் புதிய பலகையை வைத்தது. அதில் அவர் லெஸ்பியன், நாட்குறிப்பாளர். வாக்கருடன் தான் கொண்ட உறவை உறுதிசெய்ய இங்கே நற்கருணை பெற்றார் என்று இருக்கிறது. தவறு என்று தெரிந்த பிறகு ஓராண்டு முடிவதற்குள் திருத்திக்கொண்ட அந்த அமைப்பின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

எல்லாப் பழைய சொல்லையும் பெயர்த்து எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பேராலயத்தின் பின்புறம் டிரஷரர்ஸ் ஹவுஸ் என்ற மாளிகையின் சுவரில் ஜான் குட்ரிக் என்ற இளைஞரைப் பற்றிய பலகை இருக்கிறது. நான் யார்க்கில் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான். சிறு வயதில் நோயால் செவித்திறனை இழந்த குட்ரிக், நண்பர் எட்வர்ட் பிகாட்டுடன் சேர்ந்து வெறுங்கண்ணால் விண்மீன்களை இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அல்கோல் என்ற விண்மீன் மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான கால இடைவெளியில் ஒழுங்காக மங்கி ஒளிர்வதை 1782 முதல் கவனித்துக் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொருள் அதன் குறுக்கே கடப்பது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். அது சரியான விளக்கம். 1784இல் டெல்டா செஃபை விண்மீனின் மாற்றத்தையும் கண்டுபிடித்தார். பின்னாளில் அண்டங்களின் தொலைவை அளக்க உதவிய செஃபீட் விண்மீன்களுக்குப் பெயர் கொடுத்தது அந்த விண்மீன்தான். இராயல் சொசைட்டியின் உறுப்பினராக 1786 ஏப்ரலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாட்களிலேயே, 21 வயதில், இறந்துபோனார்.

அந்தப் பலகை அவரை 'செவிடும் ஊமையுமான' என்ற பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லால் குறிக்கிறது. இன்று எவரும் அப்படி எழுத மாட்டார்கள்; தமிழிலும் அந்தச் சொற்களைக் கைவிட நாம் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறோம். இருந்தாலும் அந்தப் பலகை அப்படியே இருக்கட்டும் என்பேன். அந்தச் சொல் அதை எழுதிய காலத்தின் வழக்கு. எதையும் மறைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த சொல் அன்று. இந்த மாளிகையின் ஒரு சன்னலிலிருந்துதான் அவர் பார்த்தார் என்று இடத்தைத் துல்லியமாகச் சொல்லி, நம்மை அண்ணாந்து பார்க்க வைப்பதும் அதே பலகைதான். பக்கத்தில் இன்றைய மொழியில் இன்னொரு பலகை வைத்தால் போதும். 2018இன் லிஸ்டர் பலகை அப்படிப்பட்டதன்று. சரியான சொல் கைவசம் இருந்தும் அதைத் தவிர்த்திருந்தார்கள். அதனால்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத பலகையும் அந்த ஊரில் உண்டு. ஸ்டோன்கேட் தெருவில், இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற வெடிமருந்துச் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸின் பெற்றோர் 'இந்தப் பக்கத்தில்' வாழ்ந்தார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த வீடு என்று உறுதியாகத் தெரியாத நிலையில் அந்த ஒரு சொல் எவ்வளவு பொறுப்புடன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது! அதே நகரத்தில் ஹை பீட்டர்கேட்டில் இருக்கும் விடுதி ஒன்று, கை ஃபாக்ஸ் பிறந்த இடம் தானே என்று சொல்லிக்கொள்கிறது. ஷாம்பிள்ஸ் தெருவில் புனித மார்கரெட் கிளித்ரோவின் நினைவாலயம் இருக்கும் வீடுகூட அவர் வாழ்ந்த வீடு அன்று, அவருடையது எதிர்ச்சாரியில் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே மெழுகுவத்தி ஏற்றிச் செபிக்கிறவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசலில் அதை எழுதி வைத்தால் நல்லது.

இவ்வளவு கவனமாகச் சொற்களைத் தேர்ந்தெடுக்கவும், தவறினால் திருத்தவும் தெரிந்த நகரம் அது. கோபுரத்தின் அடிவாரத்தில் இருக்கும் 1978இன் பலகையில் ஓர் எழுத்தையும் தொட வேண்டாம். இரண்டாவது பலகை ஒன்றைப் பேராலயத்தில், பத்திரங்கள் எரிந்த இடத்தில், வைக்கட்டும். அது இப்படி இருந்தால் போதும்: '1190 மார்ச்சில் இந்நகரத்து யூதர்களைக் கொன்றவர்கள் இங்கே வந்து, அவர்களிடம் தாங்கள் கடன்பட்ட பத்திரங்களை எரித்தார்கள்.'