முதலில் கையில் கொடுங்கள், பெயரை அப்புறம் சொல்லலாம்

கனசதுரத்தின் படத்தைக் காட்டி "இதற்கு எத்தனை முகம்?" என்று இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டால் மூன்று என்று சொல்லும். தாளில் தெரிவது மூன்றுதானே! ஆறு என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. உருட்டித் திருப்பிப் பார்க்க வேண்டிய பொருளைத் தாளில் தட்டையாகக் காட்டிவிட்டு, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்வது எனக்குப் பொறுக்கவே இல்லை.

எங்கள் திருப்பூர்ப் பக்கம் பொருளுக்கா பஞ்சம்? பனியன் கம்பெனி அட்டைப்பெட்டி, காலி நூல் கோன், தீப்பெட்டி, கோலிக்குண்டு, தாயக்கட்டை. நான் இவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டுவிடுவேன். பிள்ளை பார்க்காமல் உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும், பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது, எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு சிறுமி சொன்னாள்: "ரெண்டு பக்கமும் தட்டையா இருக்குதுங்க டீச்சர், சுத்தியும் வளைஞ்சு போகுதுங்க, மொனையே இல்லீங்க." எடுத்துப் பார்த்தால் கேரம் காய்! உருளை என்றால் என்ன என்பது அவள் வாயிலேயே வந்துவிட்டது. அதன் பிறகுதான் பெயரைச் சொன்னேன். "அப்ப தண்ணி டிரம்மும் இதேதானுங்களா?" என்று அவளே கேட்டாள்.

நூல் கோன் இன்னும் நல்ல பாடம். புத்தகத்துக் கூம்பு கூர்முனையில் முடியும், கோனுக்கோ முனை கிடையாது. நுனியை வெட்டி எடுத்த கூம்பு அது, பத்தாம் வகுப்பில் இடைக்கண்டம் என்று படிப்பார்கள். பெயரெல்லாம் இப்போது வேண்டாம். தரையில் உருட்டிவிட்டால் போதும், நேராகப் போகாமல் வட்டமடிக்கும். ஏன் என்று கேளுங்கள். ஒரு பக்கம் பெரிது, மறு பக்கம் சிறிது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஜெர்மனியில் 1837-இல் சிறுவர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தவை பந்து, அப்புறம் மரத்தால் செய்த கோளம், உருளை, கனசதுரம். சதுரமும் கோடும் அதற்கப்புறம்தான். நாம் இதைத் தலைகீழாக நடத்துகிறோம். தீப்பெட்டியை ஈர மண்ணில் அழுத்தி எடுத்தால் செவ்வகம் தானாகப் பதிகிறது. கனவடிவத்திலிருந்து தள வடிவத்துக்கு வருவது பிள்ளைக்கு அவ்வளவு இயல்பு.

பெட்டியின் முனைகளை எண்ணும்போது குழம்பினால் முனைக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு வையுங்கள், எட்டு வரும். விளிம்பை மேலே நான்கு, கீழே நான்கு, நிற்பது நான்கு என்று விரலால் தடவி எண்ணட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், முகத்தையும் முனையையும் கூட்டி விளிம்பைக் கழிக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கும் 2 வரும், அடிப்பக்கம் சதுரமாக உள்ள பிரமிடுக்கும் 2 வரும். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் கேள்விக்குப் பதிலாக, மேசைமேல் ஒரு பொருளை வைத்து அதைப் பற்றி மூன்று வரி சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும் அதில் மதிப்பெண் வாங்கும்.