வேலூர் தூண் 1857க்கானது அல்ல

வேலூர் மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூண் 1857 கிளர்ச்சியில் இறந்த சிப்பாய்களுக்காக வைத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். அந்தத் தூண் நினைவுகூர்வது 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் வெடித்த எழுச்சியை. 1857க்கு ஐம்பத்தொரு வருடம் முந்தைய கதை அது.

குழப்பம் வருவது இயல்புதான், இரண்டிலும் சிப்பாய்களின் மத உணர்வைப் புண்படுத்திய ராணுவ உத்தரவுகள் உண்டு. வேலூரில் அது தலைப்பாகை விவகாரம்: தோல் சேர்ந்த புதுத் தொப்பி, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை. திப்புவின் மகன்கள் கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்தது வேறு.

சரிபார்க்க நூலகம் தேட வேண்டாம். அந்த வழியாகப் போனால் தூணில் உள்ள ஆண்டைப் படியுங்கள். இல்லையா, வேலூர் எழுச்சியின் 200ஆம் ஆண்டுக்கு அஞ்சல் துறை 2006இல் வெளியிட்ட தபால்தலையைத் தேடிப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று: ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து எழுச்சியை அடக்கிய பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி, 1814இலேயே நேபாளப் போரில் இறந்துவிட்டார்; 1857இல் அவர் உயிரோடே இல்லை.