தலை தீபாவளிக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் நடுவில்

"இந்த வயதில் உங்களுக்கு என்ன ஊர் சுற்றல்?"

இந்தக் கேள்வியை இன்னும் ஒருவர் என்னிடம் கேட்டால் மரியாதை பார்க்க மாட்டேன். நானும் என் கணவரும் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போய்வந்தோம். யார் குடியையும் கெடுக்கவில்லை, யாரிடமும் கடன் வாங்கவில்லை. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுக் கிளம்பி, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிட்டோம். அதற்கு ஒரு வாரமாக விசாரணை நடக்கிறது. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நாத்தனார் போன் செய்து, "என்ன அண்ணி, திரும்பவும் புதுப்பெண் ஆகிவிட்டீர்களா?" என்று சிரிக்கிறாள். பெரியவள் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய நேரத்தில் அம்மாவும் அப்பாவும் ஜோடியாகத் திரியலாமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

பிள்ளைகளும் பெரியவர்களும் கூட வந்திருந்தால் அது குடும்பச் சுற்றுலா. திருச்செந்தூருக்குப் போயிருந்தால் புண்ணியம். கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால் கடமை. கணவனும் மனைவியும் மட்டும், வேறு எந்தக் காரணமும் இல்லாமல், சேர்ந்து இருப்பதற்காகவே போனால் குற்றமா?

நம் சடங்குகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். கல்யாணமான முதல் வருஷம் தம்பதிக்கு எத்தனை கொண்டாட்டம்! மறுவீடு, விருந்து, தலை ஆடி, தலை தீபாவளி, தலைப் பொங்கல். ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சித்திரை வெயிலில் பிரசவம் வரக்கூடாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பிரிந்திருந்து பார்த்தால் ஏக்கம் கூடும் என்பது இதை வகுத்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிறகு வளைகாப்பு. அதோடு கதை முடிந்தது. மொட்டை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அடுத்து வருவதெல்லாம் பிள்ளைகளுக்கு. கணவனையும் மனைவியையும் மறுபடி மணையில் உட்கார வைப்பது அவருக்கு அறுபது முடியும்போதுதான். திருக்கடையூருக்கு வேன் பிடித்துப் போய், பேரன் பேத்திகள் பார்த்திருக்க மாலை மாற்றச் சொல்லி, "தாத்தா வெட்கப்படுவதைப் பாருங்கள்" என்று அத்தனை பேரும் பூரித்துப் போகிறார்கள்.

நடுவில் கிடக்கும் முப்பது வருஷத்துக்கு என்ன பதில்? வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருவது அப்போதுதான். பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் மேல் மனம் மரத்துப்போவதும் அப்போதுதான். அந்த முப்பது வருஷத்துக்கு ஒரு சடங்கும் கிடையாது. சடங்கு வேண்டாம், ஒரு சனிக்கிழமையாவது கொடுங்களேன்!

வீட்டுக்குள்தான் இடம் இருக்கிறதா? எங்கள் படுக்கையறையில்தான் பீரோ இருக்கிறது, இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, விருந்தாளிகளுக்கான பாய் தலையணை எல்லாம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பகலில் கதவைச் சாத்தினால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு வருவார்கள். இரவில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கூடத்தில் படுத்திருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து மெதுவாகத் தள்ளப் பழகியிருக்கிறேன். என் வயதுப் பெண்கள் பலர் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள்.

இதற்கு மேல் அறிவுரைகள். தாம்பத்தியம் சலிக்காமல் இருக்க மனைவி மல்லிகைப்பூ வைத்துக்கொள்ள வேண்டுமாம், வீட்டில் நைட்டியோடு இருக்கக்கூடாதாம், மாலையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு சிரித்த முகமாகக் கதவைத் திறக்க வேண்டுமாம். ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று விதமான டிபன் டப்பா கட்டி, துணி துவைத்து, பாத்திரம் கழுவுகிறவள் பட்டுப்புடவையிலா நிற்பாள்? புதுமை என்றால் அதைப் பெண் தன் உடம்பில்தான் காட்ட வேண்டும் என்று எந்தப் புத்திசாலி முடிவு செய்தான்? நாளைக்கு அந்த ஆண் வேறு பக்கம் போனால், "வீட்டில் ஒழுங்காக இருந்திருந்தால் அவன் ஏன் போகிறான்?" என்று கேட்பதும் இதே வாய்கள்தான்.

ஆண்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் நண்பர்களோடு வேனில் கிளம்பிவிடுகிறீர்கள். அருவியில் குளித்து, பாட்டுப் பாடி, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸ் கொண்டுவருகிறீர்கள். புது ஊர், புதுப் பேச்சு, புதுச் சிரிப்பு எல்லாம் வெளியாட்களுக்கு. மனைவியிடம் பேச மிச்சம் இருப்பது கேஸ் புக் செய்தாயா, கரண்ட் பில் கட்டியாகிவிட்டதா. பிறகு ஆசை போய்விட்டது என்று வருத்தம் வேறு.

"காதல் கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் அது பாசமாகிவிடும், அதுதான் இயற்கை" என்று சமாதானம் சொல்பவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அமெரிக்காவில் ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் நடுத்தர வயதுத் தம்பதிகள் 53 ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 1993இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் 10 வாரங்களுக்கு, வாரம் ஒன்றரை மணி நேரம், மலையேற்றம், நடனம் போன்று தங்களுக்குப் பரபரப்பூட்டும் எதையாவது சேர்ந்து செய்தார்கள். இன்னொரு பிரிவினர் நண்பர் வீட்டுக்குப் போவது, சினிமா பார்ப்பது என்று இதமான, பழகிய காரியங்களைச் செய்தார்கள். மணவாழ்க்கையில் நிறைவு அதிகமாகக் கூடியது முதல் பிரிவினருக்குத்தான். கனடாவில் ஏமி மியூஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஆசையைப் பற்றியே நேராகக் கேட்டது. சேர்ந்து புதிதாக எதையாவது செய்த நாட்களில் தம்பதிகளுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த ஆசையும் கூடியிருந்தது. ஆக, இயற்கை என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் அதே ஓட்டலில் அதே நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு, மனைவியை வெளியே அழைத்துப் போகிறேன் என்று கணக்குக் காட்டவும் முடியாது.

நாங்கள் எங்கே போனோம் என்று சொல்லிவிடுகிறேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் செங்கோட்டைக்குப் போய், புனலூர் வழியாகப் போகும் ரயிலில் ஏறினோம். அகலப் பாதையாக மாற்றி 2018இல் மறுபடி திறந்த மலைப்பாதை அது. ஆரியங்காவு தாண்டினால் குகையும் காடுமாக வரும். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று வளைவுகள் கொண்ட கல்பாலம் இருக்கிறது. தென்மலையில் இறங்கி ஒரு டீக்கடைக்குப் போனோம். அங்கே என் கணவர் கடைக்காரப் பெரியவரிடம் மலையாளத்தில் பேச ஆரம்பித்தார். தட்டுத் தடுமாறி அல்ல, தண்ணீர் ஓடுவதுபோல. கல்யாணத்துக்கு முன்பு கொல்லத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்படிப் பேசுவார் என்று தெரியாது. அந்தப் பெரியவர் என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. கையில் டீ டம்ளரோடு, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆம், இந்த வயதில்தான்.

"அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்" என்று 1110ஆம் குறள் சொல்கிறது. அறிய அறிய முன்பிருந்த அறியாமை தெரிவதுபோலத்தானாம் காதலியைக் கூடக் கூடக் கிடைக்கும் இன்பமும். காமத்துப்பாலை எங்கள் பள்ளியில் தொடவே இல்லை. தொட்டிருந்தால், கட்டியவரை முழுக்கத் தெரிந்துவிட்டது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

நாங்கள் மறுபடியும் போகத்தான் போகிறோம். அடுத்தது தனுஷ்கோடி, யாரிடமும் அனுமதி கேட்பதாக இல்லை. என் நாத்தனாருக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சிரித்தாயே, நீயும் உன் வீட்டுக்காரரும் தனியாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று? ஒரு நாள் கிளம்புங்கள். பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடு, ராத்திரிச் சாப்பாடும் என் பொறுப்பு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.