குறைந்தது, நீங்கவில்லை

அமெரிக்காவில் கிராக் (புகைக்கப் பயன்படும் கட்டி வடிவ கொக்கெய்ன்), பவுடர் கொக்கெய்ன் இரண்டுக்கும் இருந்த தண்டனை வேறுபாட்டை 2010-ம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டதாக நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிறு திருத்தம்: நீக்கவில்லை, குறைத்தது.

1986-ம் ஆண்டு மத்திய சட்டப்படி விற்பனைக்கு 5 கிராம் கிராக் வைத்திருந்து பிடிபட்டால் குறைந்தது 5 ஆண்டு சிறை. பவுடராக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் சிறை சென்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், பிரச்சினை அங்கேதான். 2010-ல் அந்த 5 கிராம் 28 ஆனது, 500 அப்படியே நின்றது. அதாவது 100:1 போய் ஏறத்தாழ 18:1. (இரண்டும் ஒரே போதைப்பொருள்தான், இந்த 18 என்ன கணக்கோ!)

சந்தேகமிருந்தால் அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 21-ம் தலைப்பு, 841-ம் பிரிவைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 28, 500 இரண்டு எண்களும் அதிலேயே இருக்கின்றன.