தங்கள் பார்வைக்கு ஒரு வேலி

(இரண்டு வீடுகளுக்கு நடுவே இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கம் அளவு நாடாவும் குழப்பமுமாக முரளி நிற்கிறார். அந்தப் பக்கம், பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து செடிகொடிகளையும் அக்கம்பக்கத்தையும் ஒருசேரக் கவனித்து வரும் சிதம்பரம். இருவருமே நல்லவர்கள், சிக்கலே அதுதான்.)

முரளி: வணக்கம் சார். உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இந்தச் சுவரை ஒட்டி உயிர்வேலி வளர்க்கலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். தோட்டத்துக்கும் அழகாக இருக்கும்; அப்படியே, எப்படிச் சொல்வது, வெளிப்பார்வைக்கு ஒரு மறைப்பாகவும் இருக்கும்.

சிதம்பரம்: நல்ல முடிவு, தம்பி. மறைப்புக்காக என்றால், யாருடைய பார்வையிலிருந்து மறைக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்.

முரளி: பொதுவாகத்தான் சார். இன்னார் என்று இல்லை.

சிதம்பரம்: உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் காலி மனை, ஒரு பக்கம் சாலை, ஒரு பக்கம் ஜன்னலே இல்லாத கிடங்குச் சுவர், மிச்சமிருக்கும் பக்கத்தில் நான். கிடங்குச் சுவரைப் பார்த்து நீங்கள் கூச்சப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

முரளி: ஐயோ, உங்களைச் சொல்லவில்லை சார்.

சிதம்பரம்: சொன்னாலும் தவறில்லை. என்னை மறைப்பதற்கு என்னைவிடத் தகுதியான ஆலோசகர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். எங்கே நின்றால் உங்கள் வீட்டில் எது தெரியும் என்பது எனக்கு மனப்பாடம்.

முரளி: (மெதுவாக) அதுதான் சார் பிரச்சினையே.

சிதம்பரம்: உயரத்தை முதலில் முடிவு செய்வோம். நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காருங்கள். நான் இங்கே நிற்கிறேன். உங்கள் மகன் சுவரருகே ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு, என் முகம் உங்களுக்கு மறையும் வரை அதை உயர்த்தட்டும். தரையில் நிற்பவரின் பார்வையைத் தடுக்கப் பெரும்பாலும் 6 அடி போதும். என் மாடியிலிருந்து பார்த்தால்தான் கணக்கு மாறும்.

முரளி: மாடியிலிருந்துமா பார்க்கிறீர்கள்?

சிதம்பரம்: துணி உலர்த்தப் போகும்போது கண்களைக் கீழே கழற்றி வைத்துவிட்டா போக முடியும்? மேலிருந்து வரும் பார்வை சாய்வாக இறங்குவதால், அதை எல்லையிலேயே தடுக்க நினைத்தால் வேலி மரமளவுக்கு உயர்ந்தாக வேண்டும். உங்கள் தோட்டமும் என் ரோஜாப் பாத்தியும் சேர்ந்து இருட்டில் கிடக்கும். அதற்குப் பதிலாக, நீங்கள் காலையில் உடற்பயிற்சி செய்யும் பின்முற்றத்துக்குப் பக்கத்திலேயே கிளை பரப்பும் சிறு மரம் ஒன்றை நட்டால், அது பத்துப் பன்னிரண்டு அடி வளர்ந்ததுமே வேலை முடிந்துவிடும். மறைக்கிற பொருள் மறைய வேண்டிய ஆளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் குறைந்த உயரமே போதும்.

முரளி: நான் உடற்பயிற்சி செய்வதுகூடத் தெரிகிறதா சார்?

சிதம்பரம்: குனியும்போது முழங்காலை மடக்குகிறீர்கள். மடக்கக் கூடாது.

(சிறிது நேரம் முரளி அளவு நாடாவைச் சுருட்டுகிறார். சுருட்ட வேண்டிய அளவுக்கு அது நீண்டிருக்கவில்லை.)

முரளி: எது சீக்கிரம் வளருமோ அதையே நட்டுவிடலாம் சார். அவசரமாகத் தேவைப்படுகிறது.

சிதம்பரம்: இந்த அவசரத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். வேகமாக வளரும் என்று செடி விற்பவர் சொல்லும்போது, வேகமாக வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. 6 அடியை எட்டியதும் மரியாதையாக நின்றுவிடும் செடியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. லேலண்டி சைப்ரஸ் என்று ஓர் ஊசியிலை மரம் இருக்கிறது. 1888-இல் வேல்ஸ் நாட்டில் ஒரு மாளிகைத் தோட்டத்தில், தொலைவிலுள்ள வெவ்வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து வைத்த இரண்டு வகை மரங்கள் தாமாகவே கலந்து பிறந்த கலப்பினம் அது. நல்ல நிலையில் ஆண்டுக்கு ஒரு மீட்டர்வரை வளரும். அண்டை வீட்டாரை மறைக்க ஆசைப்பட்டு பிரிட்டனில் பலரும் அதை வரிசை வரிசையாக நட்டார்கள். பிறகு வெயில் போயிற்று, வெளிச்சம் போயிற்று, பேச்சுவார்த்தையும் போயிற்று. கடைசியில் 2003-ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டத்தில் உயரமான வேலிகளுக்கென்றே தனிப் பகுதி ஒன்றைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. 2 மீட்டருக்கு மேல் வளர்ந்து அடுத்தவருடைய வெளிச்சத்தை மறைக்கும் பசுமை மாறாத வேலியைப் பற்றி உள்ளாட்சியிடம் புகார் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? சமூகவிரோத நடத்தைச் சட்டம்.

முரளி: வேலி நட்டதற்குச் சமூகவிரோதியா?

சிதம்பரம்: நட்டதற்கு இல்லை, தம்பி, வெட்டாமல் விட்டதற்கு. ஸ்காட்லாந்தில் மீக்கலூர் என்ற இடத்தில் 1745-இல் நட்ட பீச் மர வேலி இன்றும் நிற்கிறது. அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். அது நிற்பது சாலையோரம். நீங்கள் நடப்போவதோ என் ரோஜாவுக்குப் பக்கத்தில்.

முரளி: அப்படியென்றால் மூங்கில் வைக்கலாமா? பார்க்க நாகரிகமாக இருக்கும்.

சிதம்பரம்: எந்த மூங்கில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதராக ஒரே இடத்தில் திரண்டு வளரும் வகை அடக்கமானது. மண்ணுக்கடியில் கிழங்கை நீளவிட்டு ஓடும் வகையை வைத்தால், நான் உங்களைப் பார்க்காமல் இருப்பேன். உங்கள் மூங்கில் என் வரவேற்பறைக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகும்.

முரளி: அரளி? தண்ணீர் அதிகம் கேட்காது, பூவும் நிறையப் பூக்கும் என்கிறார்கள்.

சிதம்பரம்: இரண்டும் உண்மை. இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு என்பதும் உண்மை. கத்தரித்துப் போடும் கிளையைக் கொளுத்தினால் அந்தப் புகைகூட ஆகாது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் எனக்குப் பேரன் இருக்கிறான். பொன்னிறக் காய் கொத்துக்கொத்தாகத் தொங்கும் துராந்தாவும் அப்படித்தான். காய் நஞ்சு, பார்வைக்கோ மிட்டாய்.

முரளி: காகிதப்பூ?

சிதம்பரம்: முழு வெயில் கிடைத்து, நீங்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றாமலும் இருந்தால், அதைப்போல நிறம் காட்டும் செடி குறைவு. நாம் பூ என்று பார்ப்பது நிறமேறிய இலைதான். உண்மையான பூ நடுவில் வெள்ளையாகச் சின்னதாக இருக்கும். ஆனால் முள் இருக்கிறது. திருடனுக்கு எதிராக நடுவதென்றால் நான் மறுப்புச் சொல்லமாட்டேன். என்னை நீங்கள் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா?

முரளி: சேச்சே. பார்வையாளர் பட்டியலில் மட்டும்தான் சார்.

சிதம்பரம்: அப்படியானால் செம்பருத்தி, வெட்சி, மருதாணி ஆகிய மூன்றில் ஒன்று. எதை எடுத்தாலும் ஒரு குணமும் ஒரு குறையும் இருக்கும். வெட்சி நெருக்கமாக, அடக்கமாக வளரும். ஆனால் சுண்ணாம்புத்தன்மையுள்ள மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காமல் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மருதாணி வறட்சியைத் தாங்கும், எத்தனை முறை வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. பூவில் மணம் உண்டு, அழகு குறைவு. செம்பருத்தி சீக்கிரம் வளரும், ஆள் உயரத்தைத் தாண்டும்; மாவுப்பூச்சி வந்துவிட்டால் மட்டும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் நுனியெல்லாம் சுருண்டுவிடும். இந்தச் சுவரின் 40 அடி நீளத்துக்கும் ஒரே செடியை வைத்தால் பூச்சி வரும் நாளில் வேலி முழுவதும் படுத்துக்கொள்ளும் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் செம்பருத்தியையும் மருதாணியையும் கலந்தே நடுவேன்.

முரளி: செம்பருத்தியைச் சுவர்போல நேராக வெட்டிவிட்டு, மேலே பூவாகப் பூத்துக் குலுங்கும்படி வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

சிதம்பரம்: அது நடக்காது. இங்கே வாருங்கள்.

(சட்டைப் பையிலிருந்து கவாத்துக் கத்தரியை எடுத்து, தன் தொட்டிச் செம்பருத்தியின் ஒரு கிளையைச் சுவருக்கு மேலே வளைத்துக் காட்டுகிறார்.)

சிதம்பரம்: இந்த நுனியைப் பாருங்கள், மொட்டு எல்லாம் இந்த இளந்தண்டில்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை பெரிய கத்தரியால் தேய்த்து வெட்டினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ குப்பைத் தொட்டிக்குப் போகும். இப்போது இலைக்காம்பு தண்டோடு சேரும் இந்த மூலையைப் பாருங்கள். அரிசி மணியைவிடச் சின்னதாக ஒன்று தெரிகிறதா? அதுதான் பக்க மொட்டு. நுனி இருக்கும்வரை, அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. (நறுக்குகிறார்.) நுனியை எடுத்துவிட்டோம், இனி இதற்குக் கீழே இரண்டு மூன்று கிளைகள் புறப்படும். வேலி அடர்வது இப்படித்தான்.

முரளி: அப்படியானால் 6 அடி வளர்ந்த பிறகு வெட்டத் தொடங்கினால் போதும், இல்லையா?

சிதம்பரம்: அப்படிச் செய்தால் மேலே குடையும் கீழே வெறுங்கால்களுமாக நிற்கும். என் முகம் உங்களுக்குத் தெரியாது. என் வேட்டிக்கரை மட்டும் தெரியும். நட்ட உடனேயே மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். ஓரளவு வளர்ந்ததும் மறுபடி வெட்ட வேண்டும். வடிவம் கொடுக்கும்போது அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்கட்டும். உச்சி அகன்றுவிட்டால் அதன் நிழலிலேயே அடியிலைகள் உதிர்ந்துபோகும். வெட்டுவதற்கு முன்னால் உள்ளே பறவைக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். நம் இருவருடைய சண்டையில் மூன்றாவது குடும்பம் வீடிழக்கக் கூடாது.

முரளி: நமக்குள் எங்கே சார் சண்டை?

சிதம்பரம்: இனிமேல் எல்லைக் கணக்குக்கு வரப்போகிறோம், தம்பி. சுவரை ஒட்டி நடக் கூடாது. வேலி 3 அடி தடிமனாக வளரும் என்றால், தண்டு சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக விட்டால் வெட்டுவதற்கும் இடம் கிடைக்கும்.

முரளி: என் தோட்டத்தின் அகலமே 12 அடி. அதில் 3 அடிக்கு மேல் வேலிக்கே கொடுத்துவிட்டால் நான் எங்கே உட்காருவது?

சிதம்பரம்: கொடுக்காவிட்டால், வளர்ந்த வேலியில் பாதி என் பக்கம் தொங்கும். அதைக் கத்தரிக்க நீங்கள் ஏணியோடு என் வீட்டுக்கு வர வேண்டும். ஏணியில் நின்றால் என் படுக்கையறை வரை தெரியும். அப்போது நான் ஒரு வேலி வைக்க வேண்டியிருக்கும்.

முரளி: பேசாமல் 8 அடிக்குத் தகரம் அடித்துவிடலாம் போலிருக்கிறது.

சிதம்பரம்: அடிக்கலாம். காற்று அடைப்பில் மோதி மேலேறிச் சுழன்று உங்கள் தோட்டத்துக்குள்ளேயே விழும். வேலி என்றால் காற்றை வடிகட்டி வேகத்தைக் குறைத்து அனுப்பும். அதோடு தகரம் பூக்காது.

முரளி: சரி சார். 40 அடிக்கு எத்தனை செடி வேண்டும்? ஓர் அடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்தால் சீக்கிரம் மறைந்துவிடுமே.

சிதம்பரம்: முதல் ஆண்டு மறைக்கும், பிறகு வேர்கள் ஒன்றையொன்று பிடுங்கித் தின்று இளைத்துவிடும். செம்பருத்திக்கும் மருதாணிக்கும் இரண்டடி விடுங்கள்; ஒற்றை வரிசையென்றால் 20 அல்லது 21 செடிகள் பிடிக்கும். இடம் இருந்தால் இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைச் செடி நிற்கும்படி முக்கோண நடவாக நடலாம். உங்களுக்கு இடமில்லை, ஆகவே ஒற்றை வரிசைதான். தனித்தனிக் குழி தோண்டாமல் ஒன்றரையடி ஆழத்துக்கு நீளமாக ஒரே வாய்க்காலாகத் தோண்டி, மக்கிய தொழுவுரத்தை மண்ணோடு கலந்து நிரப்புங்கள். தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். தண்டு புதையக் கூடாது. மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல்.

முரளி: எப்போது நடலாம்?

சிதம்பரம்: மழைக்காலத் தொடக்கத்தில், அதாவது வருகிற வாரமே. தள்ளிப்போட்டால் அடுத்த மழைவரை நான் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

முரளி: இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது சார். அதற்கடுத்த வாரம் நாங்கள் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம், திரும்ப நாளாகும். நடுவில் மழை ஏமாற்றிவிட்டால்?

சிதம்பரம்: வேர் ஆழமாகப் போகும்வரை அடிமண் காயவே கூடாது. தினமும் தெளிப்பதைவிட இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆழமாக ஊற ஊற்ற வேண்டும். உங்கள் குழாய் எங்கே இருக்கிறது?

முரளி: பின்முற்றத்தில். ஆனால் அந்தக் கதவைப் பூட்டியிருப்போம்.

சிதம்பரம்: தெரியும்.

முரளி: (சிறிது யோசித்து, பையில் கைவிட்டு) சாவியை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன் சார். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடுங்கள். உங்களை மறைப்பதற்கான வேலியைக் காப்பாற்ற உங்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

சிதம்பரம்: கவலையே படாதீர்கள், தம்பி. ஒரு செடிகூடப் பட்டுப்போக விடமாட்டேன். உங்கள் பின்னறை ஜன்னல் திரையில் இடது ஓரம் இரண்டு வளையங்கள் கழன்று, நாலு விரல் இடைவெளி விழுந்திருக்கிறதே. உள்ளே வரும்போது அதையும் மாட்டி வைத்துவிடட்டுமா?